சிப் இல்லாத பெட்டி

அந்த இரண்டு பெட்டிகளும் ஒரு திங்கட்கிழமை காலையில் மருதமுனைக்கு வந்து சேர்ந்தன. றுமைஸ் அவற்றை மோட்டார் சைக்கிளின் பின்சீற்றில் வைத்து, உரப்பையோடு சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்தான். சாம்பல் நிறப் பிளாஸ்டிக், பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு அன்டெனா, மூடியில் நாலு திருகாணி. பார்வைக்கு ஒன்றுமில்லை.

"அடுத்த கிழம சனிக்கிழம கூட்டத்தில காட்டப் போறாங்களாம். அதுமட்டும் நம்மட ஊட்டில வைக்கச் சொன்னாரு ஹாஜியார். அமைப்புட கட்டிடத்தில பூட்டு சரியில்ல" என்றான் மனைவி ஹிமாயாவிடம்.

மாவடிப்பள்ளியாரும் காரைதீவாரும் ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுப்பவர்கள். இரு ஊருக்கும் சேர்த்துத்தான் அந்த விவசாயிகள் அமைப்பு. மருதமுனையில் பெண் எடுத்து அங்கேயே இருந்தாலும் றுமைஸின் வயல் மாவடிப்பள்ளியில்தான்; அவன் அதன் செயலாளர். தலைவர் மீராசாஹிபு ஹாஜியார், உபதலைவர் காரைதீவு இராசதுரை. போன போகத்தில், கதிர் முற்றி அறுவடைக்கு நின்ற நேரத்தில், வாய்க்கால் தண்ணீரை மறிக்கிற மேல் துருசை யாரோ திறந்துவிட்டுப் போய்விட்டார்கள். விடிந்து பார்த்தால் ஹாஜியாரின் பத்து ஏக்கர் பயிரும் தண்ணீருக்குள் படுத்துக் கிடந்தது. மாவடிப்பள்ளியில் எல்லார் வாயிலும் இராசதுரையின் பெயர்தான் வந்தது. அவர் கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தும் நம்பியவர் குறைவு. அதன்பிறகு இரு ஊருக்கும் கதை பேச்சு இல்லாமல் ஒரு போகமே போயிற்று. அதனால்தான் வெளிநாட்டு உதவியில் நடக்கும் ஒரு நீர்ப்பாசனத் திட்டம் இந்தப் பெட்டிகளைத் தருகிறோம் என்றபோது இரு ஊரும் ஒரே குரலில் ஓம் என்றன. துருசின் கதவைப் பெட்டிதான் திறக்கும், பெட்டிதான் மூடும். யார் எத்தனை மணிக்குத் திறக்கச் சொன்னார் என்று பெயரோடு எழுதியும் வைக்கும். பிறகு யாரும் யாரையும் சந்தேகப்படத் தேவையில்லை.

ஹிமாயா பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அடியில் ஒட்டியிருந்த தாளில், இதற்குள் ஓடும் மென்பொருள்களின் உரிமங்களையும் அவற்றைப் பராமரிக்கிறவர்களின் பெயர்களையும் இங்கே பார்க்கலாம் என்று ஒரு இணைய முகவரி இருந்தது. யாரும் பார்க்காத முகவரி. அவள் பார்த்தாள். இருநூற்றுச் சொச்சம் பெயர்கள் உள்ள பட்டியலில் நூற்று நாற்பதாவது இடத்தில் அவளுடைய பெயரே இருந்தது: எச். ஜவுபர்.

அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஒலுவில் கம்பஸில் படித்து, கொழும்பில் இரண்டு வருஷம் வேலை செய்து, கல்யாணத்தோடு ஊருக்குத் திரும்பி வந்தவள் ஹிமாயா. கிழமையில் மூன்று நாள் ஒரு மலேசியக் கம்பனிக்கு வீட்டிலிருந்து வேலை செய்கிறாள். மற்ற நாட்களில் செய்வது சம்பளமில்லாத வேலை. மீட்டர், கமெரா, ரவுட்டர் மாதிரிச் சின்ன இயந்திரங்களுக்குள் ஓடுகிற லினக்ஸ் என்ற அடிப்படை மென்பொருளை ஒவ்வொரு கம்பனியும் தனக்கு வேண்டிய மாதிரிக் கட்டி எடுக்கும். அப்படிக் கட்டுகிறவர்களுக்குத் தேவையான மென்பொருள் துண்டுகளை, அதாவது பெக்கேஜ்களை, உலகம் முழுதும் தனித்தனி ஆட்கள் பராமரிக்கிறார்கள். பாதுகாப்புச் சிப்போடு பேசுகிற பெக்கேஜ்கள் ஆறு வருஷமாக ஹிமாயாவின் பொறுப்பு. முன்பு பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஜெர்மன்காரர் ஓய்வெடுக்கப் போகிறேன், யாராவது எடுங்கள் என்று எழுதியிருந்தார். மூன்று மாதம் யாரும் எடுக்கவில்லை. அவள் எடுத்தாள்.

பாதுகாப்புச் சிப் என்பது நகக்கண்ணளவு ஒரு சாமான். ஒரு கட்டளை உண்மையானது என்று உறுதிப்படுத்துகிற இரகசியச் சாவி அதற்குள்ளேயே பிறந்து அதற்குள்ளேயே இருக்கும். இயந்திரத்தைத் திருடினாலும், உடைத்தாலும், சாவியை வெளியே எடுக்க ஏலாது. சிப் கையில் இல்லாதவர்கள் பரிசோதித்துப் பார்ப்பதற்கு, சிப்பைப் போலவே நடிக்கிற ஒரு மென்பொருளும் இருந்தது. ஹிமாயா அதை ஒத்திகைச் சிப் என்பாள். அதன் சாவி ஒரு சாதாரண ஃபைலில்தான் கிடக்கும். ஒத்திகைக்கு அது போதும்.

"மச்சான், இதத் திறந்து பாக்கட்டா?"

"பாரு. உடைச்சிராத. கையெழுத்து வெச்சு எடுத்துக்கொண்டு வந்திரிக்கன்."

நாலு திருகாணியையும் கழற்றி மூடியை எடுத்தாள். பச்சைப் பலகையில் சிப்புக்கென்று இடம் விட்டு, அதைச் சுற்றி வெள்ளைக் கோடும் போட்டு, பெயரும் அச்சடித்திருந்தார்கள். ஆனால் அந்த இடத்தில் வெறும் ஈயப் புள்ளிகள் மட்டும் மினுங்கின. இரண்டாவது பெட்டியிலும் அப்படித்தான். வயரைக் கொழுவி உள்ளே பார்த்தாள். சிப் இருக்க வேண்டிய இடத்தில் அவள் பராமரிக்கிற அந்த ஒத்திகைச் சிப் ஓடிக்கொண்டிருந்தது. சாவி ஃபைலில் கிடந்தது. இரண்டு பெட்டியின் சாவிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டாள். ஒரு எழுத்துக்கூட வித்தியாசமில்லை. ஒரு பெட்டியைச் செய்து, அதையே பிரதி எடுத்து எடுத்து மற்றப் பெட்டிகளில் ஊற்றியிருந்தார்கள்.

அப்படியென்றால் ஒரு பெட்டி கையில் கிடைத்தவன் வாய்க்காலில் உள்ள எல்லாத் துருசையும் திறக்கலாம். விரும்பிய ஆளின் பெயரில் திறக்கலாம்.

பெட்டியைச் செய்த கொழும்புக் கம்பனிக்கு அன்றைக்கே ஈமெயில் எழுதினாள். புதன்கிழமை இன்னொன்று எழுதினாள். பதில் வரவில்லை.

அவளுக்குத் தன்மேலேயே கோபம் இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்பு அந்த ஒத்திகைச் சிப்பை எடுத்தபோது, 'பரிசோதனைக்கு மட்டும்' என்று ஒரு எச்சரிக்கை வரி போட்டதோடு விட்டுவிட்டாள். எச்சரிக்கையை யார் வாசிக்கிறார்? மாடு வரம்பைத் தாண்டுவது மாதிரித் தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்தக் கிழமை அதே மென்பொருளில் வேறொரு பாதுகாப்பு ஓட்டையை அடைத்துப் புதிய பதிப்பு ஒன்று விட வேண்டியிருந்தது. அதோடு சேர்த்து இதையும் போட்டாள்: விற்பனைக்குப் போகும் இயந்திரத்துக்கான மென்பொருள் கட்டுமானத்தில் ஒத்திகைச் சிப் சேர்ந்திருந்தால், கட்டுமானம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். கூடப் பராமரிக்கிற இரண்டு பேர், ஒருவர் பிரேசிலில், ஒருவர் செக் நாட்டில், பார்த்துவிட்டுச் சரி என்றார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு றுமைஸ் பள்ளிக்குப் போயிருந்த நேரம் பதிப்பு வெளியானது.

ஞாயிற்றுக்கிழமை முறைப்பாடு வந்தது. உங்கள் புதிய பதிப்பால் எங்கள் கட்டுமானம் நின்றுவிட்டது, அந்த வரியை உடனே அகற்றவும் என்று அந்தக் கொழும்புக் கம்பனியின் பெயரிலேயே எழுதியிருந்தது. ஏன் விற்பனைப் பெட்டியில் ஒத்திகைச் சிப் இருக்கிறது என்று ஹிமாயா கேட்டாள். பதிலுக்கு, அன்றைக்கே பிறந்த மூன்று கணக்குகளிலிருந்து மூன்று பேர் வந்து, பொறுப்பில்லாத பராமரிப்பாளர், இவரை மாற்ற வேண்டும் என்று எழுதினார்கள். மூன்று பேரும் ஒரே எழுத்துப் பிழையை விட்டிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிபோல ஒரு வெள்ளை வேன் வீட்டு வாசலில் வந்து நின்றது. ஹிமாயாவின் வாப்பா ஜவுபர் ஒரு மோட்டார் சைக்கிளின் காபுரேட்டரைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தார். அவருக்கு வீட்டோடு சேர்ந்த கராஜ். வேனிலிருந்து இறங்கியவர் அயன் பண்ணிய நீளக்கைச் சட்டை போட்டிருந்தார். கம்பனியின் முகாமையாளர், நளீர்; ஈமெயிலில் இருந்த பெயரை ஊரில் விசாரித்துக்கொண்டு வந்திருந்தார். பின்னால் ஒரு இளம் பெண், தோளில் லெப்டொப் பையோடு.

"அஸ்ஸலாமு அலைக்கும். ஜவுபர் சேர் நீங்கதானா?"

"வஅலைக்கும் முஸ்ஸலாம். ஓம், நான்தான்."

"சேர், உங்கட புது வேர்ஷனால எங்கட வேல எல்லாம் நிண்டு போச்சு."

ஜவுபர் கையைத் துணியில் துடைத்தார். "எப்ப செஞ்ச வேல? பிளக்கக் கழட்டிப் பாத்தீங்களா?"

நளீர் ஒன்றும் விளங்காமல் நின்றார். பின்னால் நின்ற பெண் சிரிப்பை அடக்க முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டாள். உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த ஹிமாயா முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

"வாப்பா, அவங்க என்னத் தேடித்தான் வந்திரிக்காங்க. வாங்க சேர், உள்ளுக்கு வாங்க. தங்கச்சி, நீங்களும் வாங்க."

கதிரையில் உட்கார்ந்த பிறகும் அந்த எச். ஜவுபர் ஒரு பெண் என்பது நளீருக்கு முழுதாகச் செரிக்கவில்லை. பிளேன்டீயை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் கதைக்கத் தொடங்கினார். தான் அக்கரைப்பற்றில் பிறந்தவர், கொழும்பில் இருந்தாலும் ஊர்மேல் பற்றுள்ளவர். இந்தத் திட்டம் நம்மட மக்களுக்கு வருகிற நல்ல காரியம். கூட வந்த பெண் யதுசா, கம்பனியின் இஞ்சினியர், அவளும் காரைதீவுதான்.

"ஒரு வரி, மேடம். ஒரே ஒரு வரி. அத எடுத்து விட்டீங்கண்டா எங்கட வேல நடந்திரும்."

"நீங்களே எடுக்கலாம் சேர். எல்லாருக்கும் திறந்த மென்பொருள். வெட்டலாம், ஒட்டலாம், யாரும் கேக்க ஏலா."

"அது ஏலா எண்டு உங்களுக்குத் தெரியும்தானே. திட்டத்துக்காரங்க ஓட்டைய அடைச்ச புதுப் பதிப்பத்தான் கேக்காங்க. திருத்தாம, வெளியான மாதிரியே போட்டிரிக்கம் எண்டு நாங்க கையெழுத்து வெக்கணும்."

"அப்ப, வெட்டினா உங்கட பேரு வரும். அது வரப்படா. என்ட பேரு நிக்கட்டும் எண்டுறீங்க."

நளீர் சிரித்தார். "அப்படியில்ல மேடம். சிப் இப்ப சந்தையில கிடைக்கிறது கஷ்டம். அடுத்த தொகுதியில போடுவம். இதெல்லாம் வயலுக்குள்ள நிக்கிற பெட்டி. பேங்க் மெசின் இல்லயே. யார் வந்து இதுக்குள்ள கை போடப் போறான்?"

"போன போகம் துருசத் திறந்தவன் யாரு சேர்?"

"அது எனக்குத் தெரியா."

"யாருக்கும் தெரியா. அதுக்காகத்தான் இந்தப் பெட்டி."

யதுசா கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நளீர் குரலைத் தாழ்த்தி, கம்பனிக்கு உங்களைப் போல ஒரு ஆலோசகர் தேவை, வீட்டிலிருந்தே செய்யலாம், யோசித்துப் பாருங்கள் என்றார்.

"யோசிக்க ஒண்டுமில்ல சேர். அந்த வரிய நான் எடுக்க மாட்டன்."

நளீர் எழுந்தார். முகம் மாறியிருந்தது. "சரி. சனிக்கிழம கூட்டத்தில வெள்ளாமக்காரங்க ஏன் சுணங்குது எண்டு கேப்பாங்க. நான் உள்ளதச் சொல்லுவன். மருதமுனையில ஒரு பொம்புள ஊட்டில இருந்துகொண்டு மறிச்சுக்கொண்டிரிக்கா எண்டு."

"சொல்லுங்க. பேரையும் சரியாச் சொல்லுங்க. ஹிமாயா."

வேன் போன கையோடு அவள் லெப்டொப்பைத் திறந்தாள். ஆறு வருஷமாக எச். ஜவுபர் என்று இருந்த இடத்தில் தன் முழுப் பெயரையும் எழுதினாள். எச். என்று போட்டதே, ஆண் என்று நினைத்துக்கொண்டு பேசாமல் வேலையைப் பார்க்கட்டும் என்றுதான். இனி நினைக்கிறவர்கள் எதையும் நினைக்கட்டும்.

நளீர் சனிக்கிழமைவரை பொறுத்திருக்கவில்லை. அன்றைக்கே மாவடிப்பள்ளிக்குப் போய்விட்டார். மறுநாள் றுமைஸ் வயலிலிருந்து வந்தபோது தலைக்கவசத்தைக் கழற்றி மேசையில் போட்ட சத்தத்திலேயே ஹிமாயாவுக்கு விளங்கியது.

"ஹாஜியார் எல்லாருக்கும் முன்னால வெச்சுக் கேட்டாரு. உன்ட பொஞ்சாதிட்டச் சொல்லி ஒரு எழுத்த அழிக்க வைக்க ஏலாத நீ என்ன செயலாளர் எண்டு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்ல? அந்த மனுசன்ட பத்து ஏக்கர் போனது. இந்தப் போகமும் பெட்டி இல்லாட்டி ஆள் வெச்சுக் காவல் காக்கணும். ஊரெல்லாம் உன்னத் திட்டுது. ஒரு வரிதானே, ஹிமா."

"அந்த ஒரு வரிய எடுத்தா, நாளைக்குத் தண்ணி வந்து பயிர் போனா, பெட்டி ஒரு பேர எழுதிக் காட்டும். அது திறக்காத ஆள்ட பேரா இரிக்கலாம். உங்கட பேராவும் இரிக்கலாம். அப்ப கற்பூரம் அடிச்சும் சரிவராது, குர்ஆன் தூக்கிச் சத்தியம் பண்ணியும் சரிவராது. மெசின் பொய் சொல்லாது எண்டு எல்லாரும் சொல்லுவாங்க."

"உண்மையா அப்படிச் செய்யலாமா?"

அவள் இரண்டு பெட்டியையும் மேசையில் வைத்து அவனுக்குச் செய்து காட்டினாள். அவன் இரண்டு தடவை பார்த்தான். மூன்றாம் தடவை தானே விசையைத் தட்டிப் பார்த்தான். பிறகு விசையிலிருந்து கையை எடுத்தான்.

"நான் அமைப்புட செயலாளர். கூட்டத்தில நான் எழும்பி உனக்காகக் கதைக்க ஏலா. பொஞ்சாதிக்காகக் கதைக்கிறான் எண்டு அதோட முடிச்சிருவாங்க. ஆனா உனக்குக் கதைக்க நேரம் எடுத்துத் தருவன். கதைக்கிறத நீ கதை."

சனிக்கிழமை அமைப்பின் மண்டபத்தில் இடமில்லாத அளவுக்கு ஆட்கள். முன்பக்கம் மாவடிப்பள்ளியார், யன்னலோரமாகக் காரைதீவார். பெண்கள் என்று ஹிமாயாவும் யதுசாவும் மட்டும்தான். மேசைக்குப் பக்கத்தில் இரண்டு சின்ன இரும்புக் கதவுகளை நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஒரு மோட்டரும் ஒரு பெட்டியும் பூட்டியிருந்தார்கள். சுவரில் பெரிய திரை.

நளீர் நன்றாகவே பேசினார். ஹாஜியாரின் போனை வாங்கி, அவர் விரலாலேயே தட்ட வைத்தார். மோட்டர் உறுமி, முதல் கதவு மெல்ல மேலே போனது. திரையில் எழுத்து விழுந்தது: மீராசாஹிபு – திறந்தார் – 10.15. எல்லாரும் கை தட்டினார்கள். ஹாஜியார் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"ஆனா," என்றார் நளீர், "மற்றத் துருசுகளுக்குப் பெட்டி வர இன்னும் சுணங்கும். காரணம் எங்கட கையில இல்ல. இங்க இரிக்கிற ஒரு மேடம்தான் சொல்லணும்."

தலைகள் திரும்பின. றுமைஸ் எழும்பி, கூட்டக் குறிப்பை வாசிக்கிற அதே குரலில், "ஹிமாயா ஜவுபர் கதைக்க அனுமதி கேட்டிரிக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

"என்னத்துக்குக் கதை? அழிக்கிறத அழிச்சாச் சரிதானே" என்றார் ஹாஜியார்.

யன்னலோரத்திலிருந்து இராசதுரை எழும்பினார். "நம்மட துருசு, நம்மட தண்ணி. கேட்டுப் பாப்பம். அந்தப் பிள்ள கதைக்கட்டும்."

ஹிமாயா லெப்டொப்பை மேசையில் வைத்தாள்.

"இராசதுரை ஐயா, உங்கட போன ஓஃப் பண்ணி இந்த மேசையில வைப்பீங்களா?"

அவர் வந்து போனை அணைத்து வைத்தார். அணைந்ததா என்று ஹாஜியாரிடமும் காட்டினார்.

"இந்தப் பெட்டிகள் என்ட ஊட்டில இருந்திச்சு. முதலாம் பெட்டியில இருந்த சாவிய ஒரு பிரதி எடுத்தன். எடுக்க ரெண்டு நிமிஷம் போகல்ல. கம்பனிக்கு ரெண்டு ஈமெயில் எழுதினன். பதில் வரல்ல. இப்ப அதே சாவியால நான் தொடப் போறது ரெண்டாம் பெட்டிய."

ஒரு விசையைத் தட்டினாள். இரண்டாவது கதவின் மோட்டர் உறுமியது. கதவு மேலே ஏறி, முட்டி, நின்றது. திரையில் ஒரு வரி விழுந்தது: இராசதுரை – திறந்தார் – 10.42.

இராசதுரை அந்த வரியைத் தலையை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டு நின்றார். உதடு அசைந்தது. தன் பெயரை வாசித்தார் போல.

"போன வருஷம் என்னைய வாயால சொன்னாங்க" என்றார். "இனி மெசினே சொல்லும்."

மீராசாஹிபு ஹாஜியார் கதிரையை விட்டு எழும்பித் திரைக்குக் கிட்டப் போய், மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து, வாசித்தார். மேசையில் அணைந்து கிடந்த போனைப் பார்த்தார். இராசதுரையை மட்டும் பார்க்கவில்லை.

நளீர் முன்னுக்கு வந்தார். "இது பரீட்சார்த்தப் பெட்டி. பரீட்சைக்கு அனுப்பின சாமான வெச்சுக்கொண்டு ஆக்களப் பயப்படுத்துறது சரியில்ல மேடம்."

"பரீட்சைக்கு எண்டா என்ட வரி மறிக்காது சேர். பரீட்சைக்குக் கட்டுறதுக்கு ஒத்திகைச் சிப் போடலாம், அது ஓடும். விற்கிறதுக்குக் கட்டினாத்தான் நிக்கும். உங்கட முறைப்பாடு விற்கிற பெட்டிக்கு." அவள் யதுசாவின் பக்கம் திரும்பினாள். "தங்கச்சி, நீங்கதானே கட்டுறீங்க. விற்கிற பெட்டியில சிப் இரிக்கா?"

யதுசா நளீரைப் பார்த்தாள். நளீர் வேண்டாம் என்று தலையசைத்ததை முன்வரிசையில் இருந்த எல்லாரும் கண்டார்கள். அவள் தன் ஊர்க்காரர் இருந்த யன்னல் பக்கம் பார்த்தாள். அங்கே அவளுடைய மாமாமாரும் இருந்திருக்கக் கூடும்.

"இல்ல" என்றாள். "போடல்ல. போட வேணாம் எண்டு சொன்னாங்க."

அதன்பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள். நளீர் இரண்டு பெட்டியையும் தூக்கிக்கொண்டு போக வந்தபோது, றுமைஸ் குறுக்கே நின்று, கையெழுத்து வைத்து எடுத்த சாமான், கையெழுத்து வைத்துவிட்டுத்தான் போகும் என்றான். நளீர் கையெழுத்து வைத்தார். சிப் உள்ள பெட்டி வந்தால் எடுப்பது, இல்லையென்றால் வேண்டாம் என்று தீர்மானம் எழுதி, இரு ஊராரும் சம்மதித்து, திட்டத்துக்காரர்களுக்கு அனுப்பினார்கள்.

அத்தோடு எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல ஏலாது. அந்தப் போகம் முழுதும் துருசுகளைக் கையாலேயே திறந்தார்கள். முறைவைத்துக் காவல் இருந்தார்கள். காவல் முறை வந்த ஒவ்வொருவனும் சேற்றில் நின்றுகொண்டு ஹிமாயாவின் பெயரைச் சொல்லித் திட்டினான். அதை றுமைஸ் காதாலேயே கேட்டான். ஹாஜியார் தெருவில் கண்டால் றுமைஸோடு கதைப்பார், ஹிமாயாவைக் கண்டால் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விடுவார். கம்பனி அந்த வரியைத் தானே வெட்டி எடுத்துவிட்டு வேறொரு மாவட்டத்துக்குப் பெட்டிகளைக் கொடுக்கப் பார்த்தது. திருத்தியது ஏன் என்று திட்டத்துக்காரர் கேட்டதோடு அந்த முயற்சியும் நின்றது. யதுசா வேலையை விட்டாளா, விட வைத்தார்களா தெரியாது. மூன்று மாதம் கழித்து ஹிமாயாவின் பெக்கேஜில் ஒரு பிழையைத் திருத்தி அனுப்பியிருந்தாள், சொந்தப் பெயரில். திருத்தம் சரியாகவே இருந்தது. இரண்டு இடத்தில் மாற்றச் சொல்லித் திருப்பி அனுப்பினாள் ஹிமாயா. மாற்றி வந்ததும் சேர்த்துக்கொண்டாள்.

வெளியூர்களிலிருந்தும் முறைப்பாடுகள் வந்தபடி இருந்தன. அந்த வரி தங்கள் கட்டுமானத்தையும் நிறுத்திவிட்டது என்று ஏழு கம்பனிகள் எழுதின. ஏழு பேரும் விற்கிற சாமானுக்குள் ஒத்திகைச் சிப் வைத்திருந்தவர்கள். இதை வெறும் எச்சரிக்கையாக மாற்றிவிடுங்களேன், எல்லாருக்கும் வசதியாக இருக்கும் என்று ஒருவர் பணிவாகவே கேட்டிருந்தார். ஹிமாயா ஒரு சொல்லில் பதில் எழுதினாள். முடியாது.

அடுத்த போகத்துக்குத் தண்ணீர் விடுகிற நேரத்தில் புதிய பெட்டிகள் வந்தன. வேறு கம்பனி, பதினொரு பெட்டிகள். கையெழுத்து வைத்து எடுப்பதற்கு முன் ஹிமாயா பார்க்க வேண்டும் என்று அமைப்பு தீர்மானித்திருந்தது. யார் சொல்லித் தீர்மானித்தார்கள் என்று றுமைஸ் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு மண்டபத்தில் அவளுக்குக் கதிரை இழுத்துப் போட்டது மீராசாஹிபு ஹாஜியார்தான்.

ஒவ்வொன்றாக மூடியைக் கழற்றினாள். சிப் இருந்தது. வயரைக் கொழுவி, சாவி வெளியே வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை. பத்துப் பெட்டி ஒழுங்கு. பதினோராவது பெட்டியில் சிப் இருந்தது, ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. மூன்று தடவை கேட்டாள். உள்ளே பார்த்தாள். சிப் பதில் சொல்லாவிட்டால் ஃபைலிலிருந்து சாவி எடு என்று யாரோ ஒரு வழி வைத்திருந்தார்கள்.

அந்தப் பெட்டியின் மேல் எந்தத் துருசுக்கு என்று எழுதி ஒட்டியிருந்தது. றுமைஸின் வயல் இருக்கிற வட்டைக்குத் தண்ணீர் போகிற துருசு.

"பத்தும் நல்லம்தானே புள்ள" என்றார் ஹாஜியார். "ஒண்டுதானே. அதையும் பூட்டிட்டுப் பிறகு பாப்பம்."

"ஓம் ஹாஜியார். ஒண்டுதான்."

அவள் பதினோராவது பெட்டியை மூடித் திருகாணியை இறுக்கி, மேசையின் மறுபக்கம் தள்ளி வைத்தாள். றுமைஸ் அதைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். பேனையை எடுத்து, திருப்பி அனுப்புவது ஒன்று என்று குறிப்பில் எழுதினான்.